கப்பலில் வந்த மகள்

மத்தேயோஸ் ஜூலை தொடக்கத்தில் போன் செய்தான். அம்மாவின் முதலாண்டு நினைவுப் பூசைக்கு ஆகஸ்ட் முதல் ஞாயிற்றைப் பாதிரியார் கொடுத்திருப்பதாகச் சொன்னான். கோலிவாவை ரொட்டிக் கடையில் சொல்லிவிடலாம் என்று அவன் மனைவி ஒலிம்பியா யோசிக்கிறாளாம்.

அர்கிரோவுக்கு அது பிடிக்கவில்லை. கோலிவா இறந்தவருக்காக அவிக்கும் கோதுமை. மகள் இருந்தால் மகள்தான் அவிக்க வேண்டும்.

"கடையில எதுக்கு? நான் உயிரோடதானே இருக்கேன்," என்றாள். "நான் செஞ்சு எடுத்துட்டு வரேன்."

"பூசை முடியறதுக்குள்ள வந்துடணும்."

"அந்தத் தீவுல பொறந்தவ நான். எனக்கு வழி சொல்றியா?"

தம்பி சிரித்தான். பிறகு எங்கே தங்குவாய் என்று கேட்டான்.

சாந்தோரினியில் அம்மாவின் வீடு இப்போது மத்தேயோஸ் வாடகைக்கு விடும் ஆறு அறைகள். ஏப்ரலிலிருந்து அக்டோபர் வரை ஆறிலும் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிறார்கள். போன ஆகஸ்டில் அடக்கத்துக்குப் போனபோது அர்கிரோவும் அவள் கணவன் செராபிமும் சமையலறைக்குப் பின்னால் இருந்த சாமான் அறையில் மெத்தை விரித்துப் படுத்தார்கள். சுற்றிலும் தண்ணீர் பாட்டில் கட்டுகள், கழிப்பறைக் காகிதக் கட்டுகள். காலையில் ஒரு விருந்தாளி கதவைத் திறந்து துண்டு கேட்டார். அர்கிரோ எழுந்து எடுத்துக் கொடுத்தாள். அவர் நன்றி சொன்னார். என் அறையைச் சுத்தம் செய்ய எப்போது வருவாய் என்று கேட்டார்.

அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

"இடம் பார்த்தாச்சு," என்றாள். "செராபிமோட சூப்பர்வைசருக்குத் தெரிஞ்ச வீடு. ஃபிராவுலயே."

"ஆகஸ்ட்ல, ஃபிராவுலயா?"

"ஆமா."

"அப்ப சரி," என்றான் மத்தேயோஸ். அதற்குப் பிறகு சுற்றுலாக்காரர்களை ஏற்றி வரும் உல்லாசக் கப்பல்களைத் திட்டினான். ஒரே நாளில் நான்கு வருகின்றனவாம். தெருவில் நடக்க முடியவில்லையாம். அம்மாவின் சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போகும்போது ஒருவன் படம் எடுத்தானாம். "காலையில இறங்குவான், ஒரு தண்ணி பாட்டில் வாங்குவான், சாயங்காலம் ஏறிடுவான். ஆட்டு மந்தை. நெஞ்சுல நம்பர் வேற ஒட்டியிருக்கும்." அர்கிரோ சிரித்தாள். அவளும் அவர்களை அப்படித்தான் சொல்வாள்.

தீவின் பெரிய ஊரான ஃபிராவில் அப்படி ஒரு வீடு இல்லை. பிரேயஸ் துறைமுகத்தை ஒட்டிய நிக்கேயாவில், தங்கள் சமையலறை மேசையில், அவளும் செராபிமும் ஜூலை முழுவதும் இதைப் பேசினார்கள். ஞாயிறு காலைக் கப்பல் மத்தியானம்தான் போய்ச் சேரும். சனிக்கிழமை காலைக் கப்பலில் போனால் இரவு எங்காவது படுக்க வேண்டும். இரவுக் கப்பலில் மேல்தளத்து நாற்காலிகூட மிச்சமில்லை. விமானத்தின் விலையைப் பார்த்துவிட்டு செராபிம் கணினியை மூடினான். அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் ஒரு யோசனை இருந்தது. நக்ஸோஸ் தீவுக்குப் போய் அங்கிருந்து சின்னப் படகு பிடி என்றார் கீழ்வீட்டுக்காரர். செப்டம்பரில் போனால் கூட்டமே இருக்காது, கடலும் சூடாக இருக்கும் என்றாள் எதிர்வீட்டு செவஸ்தி.

"எங்கம்மா செப்டம்பர்ல சாகலையே," என்றாள் அர்கிரோ.

செராபிம் துறைமுகத்தில் வேலை செய்கிறான். கப்பல் கரையை நெருங்கும்போது அது வீசும் கயிற்றைப் பிடித்துக் கட்டுவது அவன் வேலை. ஜூலை கடைசியில் ஒரு நாள் விசிலடித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தான். ஒரு உல்லாசக் கப்பலில் ஜன்னல் இல்லாத அறை ஒன்று விற்காமல் கிடக்கிறது, துறைமுகத்து ஆள் என்பதால் பாதி விலைக்குத் தருகிறார்கள் என்றான்.

"சனிக்கிழமை மத்தியானம் கிளம்புது. ஞாயித்துக்கிழமை காலை ஏழு மணிக்கு சாந்தோரினி. படுக்கை இருக்கு, சாப்பாடு இருக்கு. ஹோட்டலே நம்மளைத் தூக்கிட்டுப் போகுது."

"அது அவங்க கப்பல்."

"கடல் நம்மளோடதுதானே."

அவள் ஒரு நாள் முழுக்க யோசித்தாள். வேறு வழி கிடைக்கவில்லை. ஏழு மணிக்குப் போய்ச் சேர்ந்தால் எட்டுக்குள் கோயில் இருக்கும் கோனியா ஊரில் இருக்கலாம். பூசையின் கடைசியில்தான் நினைவு ஜெபம் வரும். பத்து மணி ஆகிவிடும். நேரம் நிறைய இருந்தது.

"மத்தேயோஸுக்குத் தெரியக் கூடாது," என்றாள்.

"ஏன், திருடவா போறோம்?"

"தெரியக் கூடாது."

வெள்ளிக்கிழமை கோதுமையை அவித்து, வடித்து, விரிப்பில் பரப்பி உலர்த்தினாள். சனிக்கிழமை காலை பாதாமும் திராட்சையும் மாதுளை முத்தும் பார்ஸ்லி இலையும் கலந்து தட்டில் அழுத்தி மூடினாள். பொடித்த சர்க்கரையைத் தனியாகப் பையில் கட்டினாள். முன்பே தூவினால் ஈரமாகிவிடும். சர்க்கரையின் மேல் சிலுவை வைப்பதற்கு வெள்ளி மிட்டாய் ஒரு பொட்டலம். துறைமுகத்துச் சோதனையில் தட்டைத் திறக்கச் சொன்னார்கள். "அம்மாவுக்கு, வருஷப் பூசை," என்றாள். காவலாளி சிலுவை போட்டுக்கொண்டு மூடியைத் தானே மூடினான். கோதுமை புளிக்காமலிருக்கக் கப்பல் அறையில் செராபிம் ஏசியைக் கடைசி வரை குளிராக வைத்தான். இருவரும் கோட்டு போட்டுக்கொண்டு தூங்கினார்கள்.

காலை ஆறரைக்கு அர்கிரோ கறுப்பு உடையில், கையில் தட்டோடு, கீழ்த்தளத்துக் கதவின் முன் நின்றாள்.

தீவுக்காரர்கள் அப்படித்தான் இறங்குவார்கள். கப்பல் நெருங்கும்போதே சாமானோடு கதவருகே போய் நிற்பார்கள். பலகை முழுதாகத் தரையைத் தொடும் முன்பே கால் வைப்பார்கள். பெட்டியும் பிள்ளையும் கோழியும் ஐந்து நிமிஷத்தில் வெளியே இருக்கும். ஏழு மணி என்றால் ஏழு மணி. அவளுக்குத் தெரிந்த கப்பல் எல்லாம் அப்படித்தான்.

கதவு திறக்கவில்லை. செராபிம் சுற்றிலும் பார்த்தான். வேறு யாருமே வரவில்லை.

"நாமதான் முதல்ல," என்றான்.

ஏழு மணிக்குக் கப்பல் நின்றது. கரையில் அல்ல, கடல் நடுவில். ஏழேகாலுக்கு வெள்ளை உடுப்புப் பையன் ஒருவன் அந்தப் பக்கம் வந்தான். இங்கே நிற்கக் கூடாது என்று ஆங்கிலத்தில் சொன்னான். மேலே அரங்கத்தில் எண் தருகிறார்கள், எண் வரிசைப்படிதான் படகு, சுற்றுலாவுக்குத் தனியாகப் பணம் கட்டியவர்கள் முதலில் போவார்கள். அவன் தட்டைப் பார்த்து, அழகான கேக் என்றான்.

அவர்கள் மேலே போனபோது அரங்கம் நிரம்பியிருந்தது. எல்லோரும் காலை உணவை முடித்துவிட்டு ஆறு மணியிலிருந்து அங்கேதான் இருந்திருக்கிறார்கள். செராபிமுக்கும் அவளுக்கும் மஞ்சள் வட்ட ஸ்டிக்கரில் இருபத்து மூன்று என்ற எண் கிடைத்தது. மேடையில் ஒரு பெண் ஒலிபெருக்கியில் நான்கு என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

ஸ்டிக்கரை நெஞ்சில் ஒட்டினால்தான் விடுவார்கள். அர்கிரோவின் இரண்டு கைகளிலும் தட்டு. செராபிம்தான் ஒட்டினான். கறுப்புத் துணியில் பட்டும் படாமலும் ஒட்டினான்.

எட்டரைக்கு அவள் போன் அடித்தது. மத்தேயோஸ். அதே நேரம் ஒலிபெருக்கி பதினொன்று என்றது, மூன்று மொழிகளில். போனை எடுத்தால் அவனுக்குக் கேட்கும். அவள் எடுக்கவில்லை. அது மறுபடியும் அடித்தது.

"எடு," என்றான் செராபிம். "வந்துட்டு இருக்கோம்னு சொல்லு."

"என்ன சத்தம்னு கேப்பான்."

போன் நின்றது. ஜன்னலுக்கு வெளியே பாறைச் சுவர் நின்றது. அதன் உச்சியில் ஃபிராவின் வெள்ளை வீடுகள். பின்னால், பார்வைக்கு மறைவாக, கோனியா. அங்கே இப்போது மணி அடித்திருப்பார்கள்.

இருபத்து மூன்றைக் கூப்பிட்டபோது ஒன்பது தாண்டியிருந்தது. படகு அவர்களைப் பாறையின் அடியில் பழைய துறையில் இறக்கியது. கேபிள் காருக்கான வரிசை துறையின் கடைசி வரை போய், திரும்பி, மறுபடியும் வந்தது. இன்னொரு கப்பலும் ஆட்களை இறக்கிக்கொண்டிருந்தது. செராபிமின் முழங்கால் படிக்கு ஆகாது. அவனை வரிசையில் நிறுத்திவிட்டு அவள் படியில் ஏறினாள்.

சின்ன வயதில் அந்தப் படிகளில் ஓடியிருக்கிறாள். இப்போது ஒவ்வொரு படியிலும் ஆட்கள் நின்று படம் எடுத்தார்கள். சாணத்தில் வழுக்கியது. தட்டை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஓரமாக ஏறினாள். முதல் வளைவில் கோவேறு கழுதைகள் நின்றன. ஒருவன் இரண்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு அவள் முன் வந்தான்.

"டாங்கி, மேடம்? வெரி ஹாட். டாங்கி?"

மினாஸ். பள்ளியில் ஐந்து வருஷம் ஒரே பெஞ்சு. அவன் அப்பாவின் திராட்சைத் தோட்டமும் அவள் அப்பாவின் தோட்டமும் ஒரு சுவரைப் பகிர்ந்துகொண்டவை. அவன் பெயரைச் சொன்னால் போதும். கழுதையில் ஏற்றி மேலே கொண்டுபோவான். மேலே இருக்கும் யாரையாவது கூப்பிட்டு வண்டியில் ஏற்றிவிடுவான். பத்து மணிக்குள் கோனியா. மாலைக்குள் தீவு முழுக்கத் தெரிந்துவிடும், மத்தேயோஸின் அக்கா நெஞ்சில் எண் ஒட்டிக்கொண்டு கப்பலிலிருந்து இறங்கினாள் என்று.

மினாஸ் ஸ்டிக்கரைப் பார்த்தான். தட்டைப் பார்த்தான். பிறகு முகத்தைப் பார்த்தான்.

அவள் தலையை ஆட்டினாள். தீவுக்காரர்கள் இல்லை என்பதற்குத் தலையை மேலே தூக்குவார்கள். அவள் வெளிநாட்டுக்காரர்களைப் போல இடமும் வலமுமாக ஆட்டினாள். "நோ, தேங்க் யூ," என்றாள்.

பின்னால் இன்னொரு கழுதைக்காரன் ஏதோ கேட்டான்.

"தெரிஞ்ச மூஞ்சி மாதிரி இருந்துச்சு," என்றான் மினாஸ் கிரேக்கத்தில். "இல்ல. கப்பல்காரி."

அவள் திரும்பாமல் ஏறினாள். கழுத்து சுட்டது. வெயில் அந்தப் பக்கம் இன்னும் வரவில்லை.

மேலே டாக்ஸி கிடைக்கவில்லை. முதல் பஸ் நிறைந்து போனது. தட்டை இரண்டு கைகளாலும் பிடித்தபடி இரண்டாவது பஸ்ஸில் நின்றுகொண்டு போனாள். அவசரத்தில் நெஞ்சிலிருந்த ஸ்டிக்கரை மறந்துவிட்டாள். கோனியாவில் இறங்கும்போது மணி பத்தேமுக்கால்.

கோயில் வளாகத்தில் எல்லோரும் வெளியே வந்துவிட்டிருந்தார்கள். மேசைகளில் காபி, பிராந்தி, ரஸ்க். பூசை முடிந்த பிறகு மட்டும் ஜனங்கள் பேசும் தளர்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தார்கள். வாசலில் ஒரு பெண் கூடையோடு நின்றாள். ஒலிம்பியாவிடம் அறைகளைச் சுத்தம் செய்ய இந்தக் கோடையில் வந்தவள். அர்கிரோ அவளைப் பார்த்ததில்லை. கூடையில் கோலிவா போட்ட சின்னச் சின்ன வெள்ளைக் காகிதப் பைகள். ஒவ்வொன்றின் மேலும் ரொட்டிக் கடையின் பெயர் அச்சிட்ட தங்க நிறச் சிலுவை.

அந்தப் பெண் அர்கிரோவின் நெஞ்சைப் பார்த்தாள். சிரித்தாள். ஒரு பையை நீட்டினாள்.

"ப்ளீஸ்," என்றாள் ஆங்கிலத்தில். "ஃப்ரீ. டிரெடிஷன்."

அர்கிரோ தட்டை ஒரு கைக்கு மாற்றிக்கொண்டு பையை வாங்கினாள். வாங்குபவர் சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்று உண்டு. இறந்தவரை நினைத்து, கடவுள் அவளை மன்னிக்கட்டும் என்று சொல்ல வேண்டும். அது வாயில் வரவில்லை. எந்த மொழியில் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

மத்தேயோஸ் மேசையிலிருந்து எழுந்து வந்தான். அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக வந்து, அவளை அணைத்துக்கொள்பவன் போல நெருங்கி நின்று, ஸ்டிக்கரை உரித்தான். அதை இரண்டாக மடித்துச் சட்டைப் பையில் போட்டான். பிறகுதான் முத்தமிட்டான். முதுகை வளாகத்தின் பக்கம் வைத்துக்கொண்டு நின்றதால் யாரும் பார்த்திருக்க முடியாது.

"எந்தக் கப்பல்?" என்று மெதுவாகக் கேட்டான்.

"வெள்ளையா, பெருசா இருக்கறது."

"எல்லாமே வெள்ளைதான்."

"மத்தேயோ, நான் ஆறரைக்கே கதவுகிட்ட நின்னேன்."

அவனுக்கு உடனே புரிந்தது. அவனும் அப்படித்தான் நின்றிருப்பான்.

ஒலிம்பியா வந்தாள். போனை எடுக்கவில்லை, பயந்துவிட்டோம், பாதிரியார் பத்து மணி வரை பார்த்தார், நல்லவேளை கடையில் ஒரு தட்டு சொல்லி வைத்திருந்தேன் என்றாள். அவள் குரலில் குத்தல் இல்லை. அர்கிரோவின் கையிலிருந்த தட்டை வாங்கி எங்கே வைப்பது என்று தேடினாள். மேசையில் கடைத் தட்டு இருந்தது. கடைசியில் நாற்காலி ஒன்றின் மேல் வைத்தாள். பாதிரியார் ஞானஸ்நானம் ஒன்றுக்காக அடுத்த ஊருக்குப் போய்விட்டார்.

கிழவிகள் அர்கிரோவை முத்தமிட்டார்கள். ஃபிராவில் எந்தப் பக்கம் தங்கியிருக்கிறாய் என்று ஒருத்தி கேட்டாள். அர்கிரோ வாயைத் திறந்தாள்.

"மேல் தெருவுல," என்றான் மத்தேயோஸ். "எங்களுக்குத் தெரிஞ்ச வீடு."

செராபிம் பதினொன்றரைக்கு வந்தான். நெஞ்சில் ஸ்டிக்கர் அப்படியே இருந்தது. மத்தேயோஸ் அதை உரிக்கவில்லை, உரிக்க நேரமும் இல்லை. எல்லோரும் பார்த்தார்கள். மேல் தெருவைப் பற்றிக் கேட்ட கிழவி காபியைக் குனிந்து குடித்தாள்.

"ஐடியா என்னோடது," என்று செராபிம் மைத்துனனிடம் சொன்னான். "அவளுக்கு இஷ்டமே இல்ல."

"உக்காருங்க," என்றான் மத்தேயோஸ். பிராந்தி ஊற்றிக் கொடுத்தான்.

ஜனங்கள் கலைந்த பிறகு அக்காவும் தம்பியும் தட்டை எடுத்துக்கொண்டு கல்லறைக்குப் போனார்கள். அம்மாவின் பளிங்குக் கல்லறையின் மேல் வைத்து அர்கிரோ மூடியைத் திறந்தாள். கோதுமை புளிக்கவில்லை. ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. கையால் சமன் செய்து சர்க்கரையைத் தூவினாள். வெயிலில் அது உடனே ஓரங்களில் கசிந்தது. மத்தேயோஸ் வெள்ளி மிட்டாயை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தான். அவள் சிலுவை வைத்தாள். கோணலாக வந்தது.

"இடம் இருக்குன்னு நீ பொய் சொன்னது எனக்குத் தெரியும்," என்றான் மத்தேயோஸ்.

அவள் மிட்டாய்க்காகக் கையை நீட்டியபடி இருந்தாள்.

"ஆகஸ்ட்ல ஃபிராவுல யாருக்கு இடம் கிடைக்கும்? போன்லயே தெரிஞ்சுது. கேக்கல. நீ அப்படிச் சொன்னதும் எனக்கு நிம்மதியா இருந்துச்சு."

"அம்மா ரூம்ல யாரு இருக்கா?"

"ஒரு புருஷன் பொண்டாட்டி. நாளைக்குப் போறாங்க." பிறகு, "ஜூலையில நாம போன்ல பேசின அன்னைக்கு ராத்திரியே அவங்களுக்குக் கொடுத்துட்டேன். நீ போனை வச்சதும்," என்றான்.

அவளுக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். தட்டின் ஓரத்தில் ஒரு பிடி எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"கடவுள் அவளை மன்னிக்கட்டும்," என்றான் அவன், தின்றுகொண்டே.

"மன்னிக்கட்டும்," என்றாள்.

கிழக்கே கடல் பளபளத்தது. அவர்கள் வந்த கப்பல் அங்கிருந்து தெரியாது. அது மலைக்கு அந்தப் பக்கம். இருவரும் கோதுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றார்கள். பாதிகூடக் குறையவில்லை.

"கார்ல கொண்டு விடறேன்," என்றான் மத்தேயோஸ். "உங்க மந்தை வழி விட்டா." சொல்லிவிட்டு முகத்தைத் தடவிக்கொண்டான். "தமாஷுக்குச் சொன்னேன்."

"தெரியும்."

அவன் ஃபிராவில் அவர்களை இறக்கிவிட்டான். கீழே போகும் கேபிள் காருக்கும் வரிசை தெரு வரை நின்றது. செராபிம் வரிசையில் சேர்ந்தான். கரையில் திறந்த சாப்பாட்டோடு தட்டைத் திரும்பக் கப்பலுக்குள் கொண்டுபோக விடமாட்டார்கள் என்று சொன்னான். அர்கிரோ தட்டோடு படியில் இறங்கினாள். இப்போது வெயில் நேராகச் சுவரில் விழுந்தது. கழுதைகள் தலையைத் தொங்கப் போட்டு நின்றன. மினாஸ் நிழலில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான்.

அவள் அவன் முன் நின்று மூடியைத் திறந்தாள்.

"எங்கம்மாவுக்கு," என்றாள் கிரேக்கத்தில். "ஒரு வருஷம் ஆச்சு."

மினாஸ் எழுந்தான். தொப்பியை எடுத்தான். கைகளைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு ஒரு பிடி எடுத்தான். மெதுவாகத் தின்றான். தின்று முடிக்கும் வரை அவளைப் பார்க்கவில்லை.

"கடவுள் அவங்களை மன்னிக்கட்டும். காலையில நீதானா?"

"ஆமா."

"நீதான்னு நினைச்சேன். அப்புறம், நீயா இருந்தா என்கிட்ட பேசியிருப்பியேன்னு நினைச்சேன்."

அவன் தொப்பியைப் போட்டுக்கொண்டான். மற்றக் கழுதைக்காரர்களையும் கூப்பிட்டான். அவர்கள் ஒவ்வொருவராக வந்து, துடைத்த கையால் எடுத்து, வார்த்தையைச் சொல்லித் தின்றார்கள். யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. அவள் தட்டைப் பிடித்தபடி நின்றாள். மேலிருந்து இறங்கி வந்த சிலர் நின்று படம் எடுத்தார்கள்.

தட்டு காலியானது. கீழே படகு ஒலி எழுப்பியது.

"கூப்பிடறாங்க, போ," என்றான் மினாஸ்.